நான் தட்டில் வைத்த வாக்குத்தத்தம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி, சீட்டாட்டம் மாதிரி ஊர் ஒத்துக்கொண்ட கெட்ட பழக்கங்களுக்கு எனக்குத் துணிச்சல் போதவில்லை. நான் எபிரேயம் படித்தேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவனுக்கு எபிரேயம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். நாற்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, எனக்கு இது வந்தது. கைப்பேசியில் ஒரு பாடத்திட்டம், பழைய புத்தகக் கடையில் வாங்கிய முதுகு பிய்ந்த அகராதி, வலமிருந்து இடமாக எழுதிப் பழக ஒரு நோட்டு. மூன்று வருடத்தில் ஒரு வசனத்தை அரைமணி நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தேறினேன். அதற்குமேல் தேறவில்லை. ஆனால் தேறியவனைப்போலப் பேசும் வித்தை வாத்தியார் வேலையில் தானாக வந்துவிடுகிறது.

என் மனைவிக்கு இந்தப் படிப்பின்மேல் ஆரம்பத்திலிருந்தே நல்ல எண்ணம் கிடையாது.

"பக்கத்து வூட்டம்மா இருபது வருஷமா தெலுங்குல பேசிக்கினு இருக்காங்க, அதுல ஒரு வார்த்த தெரியல உங்களுக்கு. பேங்க்ல எவனாவது இந்தியில பேசினா என்னை முன்னாடி தள்ளிவுட்டுட்டு பின்னாடி போய் நின்னுக்கிறீங்க. செத்துப்போன பாஷை மட்டும் இன்னாத்துக்குங்க?"

"அது சாகலை. இன்னிக்கும் ஒரு நாட்டுல பேசறாங்க."

"அப்ப அவங்ககிட்ட போய் சொல்லுங்க. எங்க உயிர எடுக்காதீங்க."

சபையிலும் ஏறக்குறைய அதே நிலைமைதான். வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் போதகர் ஒரு வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் தொண்டை தானாகச் செருமிக்கொள்ளும். "மூல பாஷையில் பார்த்தால்..." என்று ஆரம்பிப்பேன். எனக்கு வந்திருப்பது மூல வியாதி என்று பின்வரிசையில் ஒரு பேச்சு இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நடுராத்திரியில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி ரொட்டி கேட்டவனின் கதை ஒருநாள் வந்தது. அந்தக் காலத்து வீடு ஒரே அறை, குடும்பம் முழுவதும் ஒரே தரையில் படுத்திருக்கும், கதவைத் திறக்க எழுந்தால் அத்தனை பேரையும் எழுப்பியாக வேண்டும், அதனால்தான் அவன் எழுந்திருக்கத் தயங்கினான் என்று இருபது நிமிடம் விளக்கினேன். மூன்று புத்தகங்களைப் புரட்டிச் சேகரித்த விஷயம் அது. சாலைப் பணியாளர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"எங்க வூட்ல இன்னிக்கும் அப்படித்தாங்க சார். நானு ஒன்னுக்குப் போவணும்னாலே நாலு பேரத் தாண்டணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஆராய்ச்சியில் பாதி, நம் ஜனங்களுக்கு அவர்கள் வீட்டையே விவரித்துச் சொல்வதாகத்தான் இருந்தது.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத காலம். என் அக்கா மகன் தொலைந்துபோகாத காலம்.

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். நைனார்பாளையத்தில் இருக்கிறாள். மாமா போய்ப் பத்து வருடம் ஆகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் மாற்றி மாற்றி விளையும் கொஞ்சம் நிலம், ஒரே மகன். அவன் படிப்பு எங்கள் பள்ளியிலேயே, என் கண்முன்னாலேயே, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. பிறகு எங்கள் பக்கத்துப் பையன்கள் பலரைப்போல போர்வெல் லாரியில் ஏறினான். நம் ஊர் லாரிகள் துளைபோடும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு வடநாடு முழுக்கச் சுற்றும். ஏழெட்டு மாதம் போய்விட்டு, கறுத்து இளைத்து, கையில் புதுக் கைப்பேசியோடு வருவான். அக்கா அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தாள். நான்காவது முறை போனவன் வரவில்லை. கைப்பேசி அணைந்துகிடந்தது. லாரிக்காரர்கள் "வழியில இறங்கிப் போய்ட்டான்" என்றார்கள். இரண்டு இடத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம்.

அந்த லாரியில் அவனோடு இருந்தவன் ஒருவன் கல்வராயன் மலைக்காரன். அவன் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டான் என்று தெரிந்து, ஆடி மாதத்தில் நானும் அக்காவும் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. அவன் எங்கோ போயிருந்தான், வருவான் என்றார்கள். காத்திருந்தோம். எதிரில் சரிவில் அவன் அப்பா சாமை விதைத்துக்கொண்டிருந்தார். உழாத நிலத்தில் கைவீசி விதையை இறைத்துவிட்டு, அதற்குமேல் ஏரை ஓட்டினார்.

இங்கேதான் என் வியாதியின் முழு வீரியத்தையும் நான் தெரிந்துகொண்டது. விதைக்கிறவன் உவமையில் விதை ஏன் பாதையில் விழுகிறது, முள்ளுக்குள் ஏன் விழுகிறது என்று வாசகர்கள் குழம்புவார்கள். இவ்வளவு கவனக்குறைவான விவசாயியா என்று கேட்பார்கள். அந்த நாட்டில் முதலில் விதைத்துப் பிறகுதான் உழுதார்கள் என்று நான் படித்திருந்தேன். கண்ணெதிரே அதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அக்கா, பாரு. இதத்தான் உவமையில சொல்லுது. அந்தக் காலத்துல பாலஸ்தீனத்துல..."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய். என் புள்ளைய கேக்க வந்துக்கிறோம்."

விதைத்துக்கொண்டிருந்தவர், எங்களுக்குள் என்ன தகராறோ என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

பையன் வந்தான். எங்களைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

"டிரைவரண்ணனுக்கும் அவனுக்கும் வாய்த்தகராறுங்க" என்றான். "டீக்கடைல வண்டிய நிறுத்தினப்ப, நான் ரயிலேறி வூட்டுக்கே போறேன்டான்னு சொல்லிட்டு பைய எடுத்துக்கிட்டு இறங்கிட்டான். கோவம் ஆறினா வந்துருவான்னு இருந்தோங்க. ஒரு மணி நேரம் பார்த்தோம். அப்புறம் வண்டிய எடுத்துட்டாங்க."

"வூட்டுக்குன்னா சொன்னான்?"

"ஆமாங்கம்மா. வூட்டுக்கேன்னு சொன்னான்."

அக்கா அதை மூன்று தடவை சொல்ல வைத்தாள். இறங்கி வரும்போது பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைப் பிடித்தபடி, "வூட்டுக்கேன்னு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இனி வாக்குத்தத்த அட்டை. எங்கள் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வருடத்தின் முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும், வேத வசனங்கள் அச்சடித்த சிறிய அட்டைகளைக் கவிழ்த்து ஒரு தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வருகிறது எதுவோ அதுவே அந்த வருடத்துக்குக் கடவுள் உங்களுக்குச் சொன்ன வாக்கு. அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகுவார்கள், பைக்கின் பெட்டிமேல் ஒட்டுவார்கள், பர்ஸில் வைத்து டிசம்பருக்குள் நைந்துபோகவிடுவார்கள். பயப்படாதே என்று வந்தவர்கள் மட்டும் ஜனவரி முழுக்கப் பயந்துகொண்டே இருப்பார்கள். ஒன்றும் வராமலா அவர் அப்படிச் சொல்லுவார் என்பது அவர்கள் வாதம்.

அட்டைக்கான வசனங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், படித்தவன் என்ற பிழையான நம்பிக்கையில், என்னைப் போட்டிருந்தார்கள். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இது ஒரு ராஜாவுக்குச் சொன்னது, நமக்கு இல்லை. இது அடிமையாகப் போன ஒரு கூட்டத்துக்கு எழுதின கடிதம், தனியாளுக்கு இல்லை. இதற்கு முந்தின வரியைப் படித்தால் யாரும் இதை வீட்டில் மாட்டமாட்டார்கள். அடித்துக்கொண்டே போனேன். போதகர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார், நீங்க இப்படியே போனா தட்டுதான் மிச்சமாவும். ஜனங்க தட்டையா வூட்டுக்கு எடுத்துக்கினு போவாங்க?"

பாதிக்குப் பாதி என்று சமாதானம் ஆனது.

அக்கா புத்தாண்டுக்கு எப்போதும் எங்கள் சபைக்குத்தான் வருவாள். மகன் காணாமல்போன முதல் வருடம் அவளுக்குக் களஞ்சியங்கள் நிரம்பி வழியும் என்று வந்தது. படித்துவிட்டு என் சட்டைப்பையில் போட்டாள். அடுத்த வருடம், வாயை விரிவாகத் திற, நான் நிரப்புவேன் என்று வந்தது. "பல்லு புடுங்கத்தான் ஆவும் இது" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஆனால் மற்றவர்கள் தங்கள் அட்டையைப் படித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை அவள் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் வருடம் நான் ஒரு காரியம் செய்தேன்.

தீர்க்கதரிசி ஒருவரின் புத்தகத்தில் ஒரு பகுதி உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் அழுகிறாள், யார் தேற்றியும் தேறவில்லை. அழாதே, உன் பிள்ளைகள் எதிரியின் தேசத்திலிருந்து தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கப்படுகிறது. சிவப்புப் பேனாவால் நான் முதல் நாளே அடித்துத் தள்ளிய வசனம் அது. நமக்குச் சொன்னதே இல்லை என்று காரணமும் எழுதியிருந்தேன். அதைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கணினி மையத்தில் கொடுத்து, அதே அளவில் ஒரே ஒரு அட்டை அடித்து வாங்கினேன். புத்தாண்டன்று தட்டைப் பிடிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா வரிசையில் வந்தபோது உள்ளங்கையிலிருந்ததை மேலே வைத்துத் தட்டைக் கொஞ்சம் சாய்த்தேன். அவள் எடுத்தாள். படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு வயதில் கடவுள் பெயரில் கள்ளக் கையெழுத்துப் போட்டவன் ஆனேன். அன்று மத்தியானம் அவள் எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

பங்குனியில் போலீஸிலிருந்து அழைத்தார்கள். வடக்கே ஓர் ஊரில் ரயில் பாதை ஓரம் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு உடல் கிடைத்திருக்கிறது. யாரும் கேட்டு வராததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போட்டிருந்த பனியனில் ஒரு போர்வெல் லாரியின் பெயர் இருந்ததாக இப்போதுதான் தெரிகிறது. நாங்கள் கொடுத்த புகாரோடு வயது ஒத்துப்போகிறது. அங்கே உடலிலிருந்து மரபணு மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மாவின் ரத்தம் கொடுத்தால் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

அக்கா முடியாது என்றாள்.

நான் அடுத்த சனிக்கிழமை நைனார்பாளையம் போனேன். வாசலில் உட்கார்ந்து மக்காச்சோளக் கதிரிலிருந்து முத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கதிரைத் தூக்கிப் போட்டாள்.

"ரத்தம் குடுக்க மாட்டேன். அட்டையில இன்னா வந்துக்கீது, உனக்குத் தெரியும் இல்ல? திரும்பி வருவான்னு வந்துக்கீது. அப்புறம் எவனோ ஒருத்தனுக்கு நான் இன்னாத்துக்கு ரத்தம் குடுக்கணும்?"

வேறு யாராவது இந்த இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பாடம் எடுத்தேன். வாழ்நாளில் எடுத்ததிலேயே தெளிவான பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வசனத்தில் அழுகிற தாய் உயிரோடு இருப்பவளே இல்லை என்றேன். அவள் அந்த ஜனத்துக்கே ஆதித்தாய். பல நூறு வருடத்துக்கு முன்னால் பிரசவத்தில் இறந்து, போகிற வழியிலேயே புதைக்கப்பட்டவள். பாபிலோன்காரர்கள் ஊரை எரித்துவிட்டு ஜனங்களைச் சங்கிலிபோட்டு ஓர் ஊரில் கூட்டிவைத்து நடத்திக் கொண்டுபோனார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, செத்துப்போனவளே கல்லறைக்குள்ளிருந்து அழுவதாகத் தீர்க்கதரிசி பாடினான். அது ஒரு ஒப்பாரி. வாக்கு கொடுத்தது அந்த ஜனம் முழுவதற்கும்.

"அந்த பாஷையில இன்னா போட்டுக்கீது? வருவாங்கன்னு போட்டுக்கீதா இல்லியா?"

"வருவாங்கன்னுதான் போட்டுக்கீது."

"வந்தாங்களா?"

"வந்தாங்க. ரொம்ப வருஷம் கழிச்சி. போனவங்கள்ல முக்காவாசிப் பேர் அங்கேயே செத்துட்டாங்க. வந்தது அவங்க பேரப்புள்ளைங்கதான்."

அக்கா கதிரை முறத்தில் வைத்தாள்.

"என் புள்ளைக்குக் கல்யாணமே ஆவலியேடா" என்றாள்.

தெருவில் ஒரு டிராக்டர் போயிற்று. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம். மூல பாஷையும் பழங்காலப் பண்பாடும் என் கையிருப்பில் தீர்ந்துபோயிருந்தன. மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"அக்கா, அந்த அட்டைய நான்தான் வச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"எல்லாருக்கும் வந்த அட்டையில ஓரத்துல பூ போட்டிருந்திச்சி. என்னுதுல மட்டும் பூ இல்ல." இன்னொரு கதிரை எடுத்துக்கொண்டாள். "அதுவுமில்லாம உன் கை நடுங்கிச்சி. சின்ன வயசுல பொய் சொன்னாலும் உனக்கு அப்படித்தான்."

"அப்புறம் ஏன் எடுத்துக்கினே?"

"எவனாவது சொல்லணும்னு இருந்திச்சி. நீ சொன்னா இன்னா, அவரு சொன்னா இன்னா."

"அப்ப ரத்தம் குடுக்கறதுக்கு இன்னா?"

உதிர்த்த முத்தைக் கையால் பரப்பினாள், மறுபடி குவித்தாள்.

"குடுத்தா நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும் இல்ல. இப்ப எவனும் செத்துட்டான்னு சொல்லல. நான் போய்க் கைய நீட்டினாத்தான் சொல்லுவாங்க."

அந்தக் காலத்து ஜனங்களுக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, கேட்க ஆளில்லாமல் வேற்று மண்ணில் கிடப்பது. அதையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அவனா இருந்தா, கேக்க ஆளில்லாம கெடக்கறான் இல்ல அங்க?" எழுந்து முந்தானையை உதறினாள். "திங்கக்கிழமை வரேன். லீவு போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல நில்லு."

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். "அவருக்கு நீங்க இன்னா ஆவணும்?" என்று நர்ஸ் படிவத்தைப் பார்த்தபடி கேட்டாள். "அம்மா" என்றாள் அக்கா. அந்த வார்த்தையைச் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தில் குரல் கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

பதில் ஐப்பசியில் வந்தது. மழை. காவலர் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சார், மேட்ச் ஆயிடுச்சிங்க" என்றார். அங்கிருந்து வந்த காகிதங்களின் நகல் ஒரு கட்டு கொடுத்தார். எட்டுப் பக்கம், எல்லாம் இந்தி. அவருக்கும் படிக்கத் தெரியாது. முடிவை மட்டும் போனில் கேட்டுக்கொண்டார்களாம்.

மறுநாள் அக்கா வந்தாள். அழவில்லை. மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"படிடா."

"அக்கா, இது இந்தி."

"நீதான் எல்லா பாஷையும் படிக்கிறியே."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். மேலே ஒரு கொடி கட்டி, அதில் துணி காயப்போட்டதுபோல வரிசையாக எழுத்துகள். பழக்க தோஷத்தில் வலது ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்து, பிறகு திருத்திக்கொண்டேன். எந்த ஓரத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். கைப்பேசியைக் காட்டினால் மொழிபெயர்க்கும் என்றார்கள், காட்டினேன். கையெழுத்தில் எழுதியிருந்ததால் அது, "மாமா மேகம் நான்கு" என்று என்னவோ சொன்னது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்த ஒரு தீர்க்கதரிசியின் அழுகையை அரைமணி நேரத்தில் எழுத்துக்கூட்டுவேன். என் சொந்த மருமகன் செத்த காகிதத்தில் அவன் பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் இருந்ததா என்பதே தெரியவில்லை.

என் மனைவி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. திருமணமாகி முதல் தடவையாக அவள் பேசினால் தேவலை என்று இருந்தது.

கடைசியில் அவள்தான் வழியும் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டுகிட்ட பானிபூரி வண்டி போட்டிருக்காரே, அவரு அந்தப் பக்கத்துக்காரருங்க."

போனோம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். ஏழு வருடமாக இங்கே இருக்கிறார். மாலை வியாபாரத்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவி, சட்டையில் துடைத்து, காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அக்காவை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"அம்மா, இது எங்க ஜில்லாதான்" என்றார். "இந்த ஸ்டேஷன் தெரியும் எனக்கு. சின்ன ஸ்டேஷன்."

முதலில் உதடு அசையத் தனக்குள் படித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில், பாதை ஓரம். வயது இருபத்தைந்து, முப்பது. ரயிலிலிருந்து விழுந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நீலப் பனியன்.

"பனியன்ல ஏதோ எழுத்து இருக்குன்னு போட்டிருக்கு அம்மா. இன்னா பாஷைன்னு அங்க யாருக்கும் தெரியல."

தமிழ். அதைப் படிக்க அங்கே ஆள் இல்லை. அதனால் இரண்டு வருடம். கொட்டை எழுத்தில் மார்பின் குறுக்கே ஊர்ப் பெயரோடு எழுதியிருந்த தமிழ்.

"பாக்கெட்டுல போன் சார்ஜர். ஒரு ரயில் டிக்கெட். தண்ணில நனைஞ்சது. எங்கேன்னு தெரியல."

"வூட்டுக்கு" என்றாள் அக்கா.

"அது போடல அம்மா."

"போடலன்னா இன்னா. வூட்டுக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அடக்கம் செய்ததைப் பற்றியது அது என்று நினைக்கிறேன். இரண்டே வரிதான் இருந்தது, கீழே ஒரு முத்திரை. அந்த இரண்டு வரியை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே படித்தார்.

"ஆத்தங்கரை பக்கம் புதைச்சாங்க. நல்லா குளிக்க வச்சி, வெள்ளைத் துணி போட்டாங்க. பூ வச்சாங்க அம்மா. பூ வச்சி, நாலு பேர் நின்னு கும்பிட்டு செஞ்சாங்கன்னு இருக்கு."

எந்த ஊர்ப் போலீஸும் அறிக்கையில் பூவை எழுதாது. எனக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் காகிதத்தைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்குவது தெரிந்தது. தட்டைப் பிடித்த கை அப்படித்தான் இருந்திருக்கும். அக்காவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருவாட்டி படிங்க" என்றாள்.

அவர் படித்தார். இந்த முறை நாலு பேர் ஐந்து பேர் ஆனார்கள். வண்டிக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்து நின்று, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள்.

"அங்க தண்ணி கெடைக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"தண்ணி கஷ்டம் அம்மா. வெயில் ஜாஸ்தி. எல்லாம் போர்வெல்தான்."

அக்கா எழுந்தாள். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னாள். காகிதத்தை மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மழையில் நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். உடலை எடுத்து வர என்ன செய்ய வேண்டும் என்று விசாரிக்கிறேன் என்றேன். "ஆத்துல தண்ணி வந்திருந்தா அந்த எடமே இருக்காது. வுடு" என்றாள். பிறகு, "பூ வச்சாங்களாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"நீ வச்ச அட்டைக்கு இது தேவல."

சின்னசேலம் வழியாகப் போகும் பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையைப் பிரித்து, காகிதங்களுக்கு அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். பத்து மாதத்தில் முனைகள் மழுங்கி, மடித்த இடத்தில் எழுத்து தேய்ந்து, எல்லை என்ற சொல் மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஜன்னல் கம்பிக்கிடையில் என்னிடம் நீட்டினாள்.

"இத வச்சிக்க. தட்டுல கிட்டுல போட்டுடாத" என்றாள். "வேற எவளுக்காவது வந்துடப் போவுது."

டிரைவர் வண்டியை எடுத்தார். கையசைக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பஸ் வளைவு திரும்பிவிட்டது.

போன வாரம் போதகர் அழைத்திருந்தார். வருகிற புத்தாண்டு அட்டைகளுக்கு வசனம் பார்க்க வேண்டுமாம். எனக்கு அவ்வளவாகப் பாஷை தெரியாது ஐயா என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்.